கோணல் வாய்க்காரர்களுக்கு இங்கே இடமில்லை

எனக்குப் பின்னால் இருக்கும் பலகை தெரிகிறதா? இருங்கள், கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். "தெரு வியாபாரிகளுக்கும் கேம்ப்பெல்களுக்கும் அனுமதி இல்லை." ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் ஒரு பழைய விடுதியின் வரவேற்பு மேசை இது. பாதி விளையாட்டுதான். பாதிதான்!

முதலில் கேம்ப்பெல் என்ற ஸ்காட்லாந்துக் குலத்தின் பெயரைப் பார்ப்போம். அங்கத்திய பழைய மொழியான கேலிக்கில் 'கம்' என்றால் கோணல், 'பியல்' என்றால் வாய். என்றோ ஒரு முப்பாட்டனுக்கு வைத்த பட்டப்பெயர், குலத்துக்கே ஒட்டிக்கொண்டது. செல்வாக்கு வந்தபின் அது உறுத்தியதோ என்னவோ, 'அழகிய வயல்' என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று ஒரு கதையும் கிளம்பியது. எனக்குக் கோணல் வாய்தான் பிடித்திருக்கிறது.

சரி, பலகைக்கு வருவோம். 1692 பிப்ரவரியில் ராபர்ட் கேம்ப்பெல் என்ற கேப்டன் சுமார் 120 வீரர்களோடு இங்கே வந்தான். இங்கே வாழ்ந்த மெக்டொனால்டு குலத்துக் குடும்பங்கள் வீட்டில் இடம் கொடுத்துச் சாப்பாடும் போட்டன. பன்னிரண்டு நாள்! அவனுடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி அந்தக் குலத் தலைவர் வீட்டு மருமகள் வேறு. 13ஆம் தேதி விடிவதற்குள் 38 பேரை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். பனியில் ஓடி உறைந்து செத்தவர்கள் தனி. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்போமே, அதற்கு அந்நாளைய ஸ்காட்லாந்து சட்டத்திலேயே தனிக் குற்றப்பெயர் இருந்தது: 'நம்பிக்கையின் பேரில் கொலை'.

ஆனால் கொலை உத்தரவில் கையெழுத்து மன்னர் வில்லியமுடையது. திட்டம் போட்டவர் ஜான் டால்ரிம்பிள் என்ற அமைச்சர். அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கக் கெடு தாண்டி ஓடிவந்த மெக்டொனால்டு தலைவரை (அந்தத் தாமதம்தான் கொலைக்குச் சாக்கு) ஏற்றுக்கொண்ட அதிகாரியும் ஒரு கேம்ப்பெல்தான்! இதெல்லாம் பலகையில் ஏறவில்லை. இதில் கேம்ப்பெல் குலத்தின் குறிக்கோள் வாசகம் என்ன தெரியுமா? 'மறந்துவிடாதே.' இங்கே யாரும் மறக்கவில்லை, அது நிச்சயம்.

அப்புறம், நம்ம ஊர்ப் பக்கமும் ஒருவர் உண்டு. ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல், 1786 முதல் 1789 வரை மதராஸ் கவர்னர். ஆனால் இன்று பெயரைச் சொன்னால் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது சூப்தான். 1869இல் அமெரிக்காவின் கேம்டனில் தொடங்கிய கம்பெனி. 1962இல் ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியர் அந்த டப்பாக்களை 32 ஓவியங்களாக வரைந்து தள்ளினார்.

எனக்கும் பசிக்கிறது. உள்ளே சூப் இருக்கிறதாம். என்ன பிராண்டு என்று கேட்டால் வெளியே அனுப்பிவிடுவார்களோ?