மெர்ரி கிரீக் கரையில் கேமராவோடு

வணக்கம் நேயர்களே.

மெல்பேர்ன் நகருக்கு வடக்கே வாலன் பக்கத்தில் தொடங்கி, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, டைட்ஸ் ஃபால்ஸ் அருகில் யாரா ஆற்றோடு சேர்கிறது மெர்ரி கிரீக். வுருண்ட்ஜெரி என்னும் பூர்வகுடி மக்களின் நிலத்து ஓடை. இன்று கோபர்க், பிரன்ஸ்விக் ஈஸ்ட் என்று வீடுகள் நெருங்கிய இடங்களுக்கு நடுவே போகிறது. ஆஸ்திரேலியக் காட்டுயிர்களைப் படமெடுக்க வடக்கே ககாடு தேசியப் பூங்கா வரை போக வேண்டும் என்று நினைக்கிறவர்களை நான் முதலில் இந்தக் கரைக்குத்தான் அழைப்பேன்.

இந்த ஓடை ஒரு காலத்தில் பாழாகிக் கிடந்தது. கரையோரம் கல் உடைத்தார்கள். உடைத்த குழிகளில் குப்பை கொட்டினார்கள். பிறகு அக்கம்பக்கத்து மக்களே இறங்கிக் களை பிடுங்கினார்கள், இந்த மண்ணுக்குரிய மரம் செடிகளை நட்டார்கள். 1989இல் மெர்ரி ஓடைக்கென்று ஒரு மேலாண்மைக் குழு அமைந்தது. 1990களின் தொடக்கத்தில் சேக்ரட் கிங்ஃபிஷர் என்னும் மீன்கொத்தி இங்கே திரும்பி வந்தது. அதைக் கொண்டாட, பழைய குப்பைமேட்டின் மேல் உருவான சீரிஸ் பூங்காவில் 1994இல் ஒரு விழாவே தொடங்கினார்கள். இப்படி உழைத்து மீட்ட கரையில்தான் நாம் கேமராவோடு நிற்கிறோம். அந்த நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

படமெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் வந்ததால் இந்த உயிர் தன் வேலையை நிறுத்திவிட்டதா?

தவளைவாயன் பறவையைப் பாருங்கள். ஆந்தை என்று பலர் சொல்வார்கள். ஆந்தை இனமே இல்லை. பகலில் கிளையில் இறகு தளர்ந்து உறங்கிக்கொண்டிருக்கும். நாம் கிட்டப் போனால் அலகை மேலே தூக்கி, உடலை ஒடுக்கி, கண்ணைக் கீற்றாகச் சுருக்கி, முறிந்த கிளையாகவே மாறி விறைத்துவிடும். ‘ஆகா, என்ன அழகு’ என்று எல்லாரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். அது அஞ்சி நிற்கும் கோலம், நேயர்களே. அதைக் கண்டதும் மெல்லப் பின்வாங்குங்கள். வசந்தத்தில் இன்னும் கவனம் தேவை. பகலில் அடைகாப்பது ஆண் பறவை. அதை எழுப்பிவிட்டால் முட்டை குளிர்ந்துபோகும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரக்காலி. இந்த நாட்டின் பூர்விக நீரெலி. ‘சீ, எலி’ என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வயிற்றுப்பக்கம் பொன்னிறம், பின்காலில் சவ்வு, வாலின் நுனி வெள்ளை. 1930களில் இதன் மென்மயிர்த் தோலுக்காக ஏராளமாகக் கொன்றார்கள். இன்று சட்டம் காக்கிறது. ஆனாலும் சாதாரண எலி என்று நினைத்து நஞ்சு வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதைத் தேடி அலையாதீர்கள். தண்ணீரோரப் பாறையிலோ சாய்ந்த மரத்திலோ உடைந்த நண்டு ஓடுகளோ, யாபி என்னும் நன்னீர்ச் சிங்கியின் ஓடுகளோ குவிந்திருந்தால் அதுதான் அதன் சாப்பாட்டு மேடை. எதிர்க்கரையில், காற்று உங்கள் பக்கம் வீசும்படி உட்காருங்கள். அந்தி நேரம் நல்லது. தண்ணீரில் கூராகத் தொடங்கிப் பின்னால் விரியும் அலைக்கோடு தெரியும். காதும் வெள்ளை வால்நுனியும் தெரிந்தால் ரக்காலி. உடல் தட்டையாக நீரோடு படிந்து, காதே தெரியாமல், சட்டென்று முங்கி வட்ட வட்டமாக அலை எழுப்பினால் அது வாத்தலகு கொண்ட பாலூட்டியான பிளாட்டிபஸ். மெர்ரியில் அது அபூர்வம்.

வெளிச்சம் குறைவு என்பதால் கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். கேமராவை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தினால் படத்துக்கு உயிர் வரும். கோடையில் மட்டும் உயர்ந்த புல்லுக்குள் மண்டியிடாதீர்கள். இந்தக் கரையில் டைகர் பாம்பு உண்டு, கொடிய நஞ்சுடையது.

எடுத்த படத்தை, உயிரினங்களைப் பதிவுசெய்யும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றுங்கள். அங்கிருந்து அது ‘அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா’ தரவுத்தொகுப்புக்குப் போய் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். கூடு இருந்தால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

இன்னொன்று. கூரை மூடிய ‘ஓப்பரா ஹவுஸ்’ வலைகளுக்கு இந்த விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் முழுத்தடை. யாபி பிடிக்கப் போடும் அந்த வலைக்குள் நுழையும் ரக்காலிக்கும் பிளாட்டிபஸுக்கும் வெளியே வர வழியில்லை. மூச்சுக்கு மேலே வர முடியாமல் நீருக்குள்ளேயே செத்துப்போகின்றன. கரையில் அப்படி ஒரு வலையைக் கண்டால் அதையும் படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே 13 3474 என்ற மீன்வளத்துறை எண்ணுக்குச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.