முதல் வருட சர்ஜரி பிஜி: "கத்தியே கொடுக்கவில்லையாம்!" – கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. படித்ததிலிருந்து மனதிலேயே நிற்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் புதுச்சேரியில் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி, அதாவது பொது அறுவை சிகிச்சை மேற்படிப்பு (பிஜி), முதல் வருடம். "எப்போது போன் செய்தாலும் டிரெஸ்ஸிங் போட்டேன், ரத்தம் எடுத்தேன், டிஸ்சார்ஜ் எழுதினேன் என்றுதான் சொல்கிறாள். கத்தியே கொடுக்கவில்லையாம். இப்படிப் போனால் எப்படி சர்ஜன் ஆவாள்?"

கொடுப்பார்கள் அம்மா. சீழ்க்கட்டி கீறுவது, கொழுப்புக் கட்டி எடுப்பது, அப்புறம் குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், கடைசி வருடத்தில் சீனியர் பக்கத்தில் நிற்கப் பித்தப்பை என்று ஒவ்வொன்றாக வரும். கை பழகிவிடும். டியூட்டி ரூம் கட்டில் கம்பியில் பட்டு நூலைக் கட்டி ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதும் விரல் அதைப் போடும்.

ஆனால் வார்டில்தான் சர்ஜன் உருவாகிறார். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. உங்கள் மகள் அலுத்துக்கொள்ளும் அந்த டிரெஸ்ஸிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக் கால், அதாவது சர்க்கரை நோயால் காலில் வரும் புண் பற்றி முன்பே பேசியிருக்கிறோம். பாகூர் பக்கம் வயலில் வெறுங்காலோடு நிற்கும் ஒரு பெரியவர், காலில் உணர்ச்சி இல்லாததால் முள் குத்தியதே தெரியாமல் வந்து சேர்வார். மேலே பார்த்தால் சின்னப் புண். புண்ணைச் சுற்றி மெதுவாக அழுத்தினால் விரலுக்கடியில் நறநற என்று ஒரு உணர்வு வரும். உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது, கிருமி தசை வரை போயிருக்கலாம், விடியும் வரை காத்திருக்க முடியாது. சில நேரம் அந்த நறநறப்பு இருக்காது, சிவப்பு மட்டும் இருக்கும். அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்து வந்து கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் காலைக் காப்பாற்றுவது அந்தப் பார்வைதான்.

குடலை வெட்டித் தைத்த நோயாளியும் அப்படித்தான். நாலாவது, ஐந்தாவது நாள் காய்ச்சல் இருக்காது, கேட்டால் "பரவாயில்லை டாக்டர்" என்பார், ஆனால் நாடி மட்டும் நிமிடத்துக்கு 110, 120 என்று வேகமாக ஓடும். தையல் கசிகிறதோ என்று அங்கேயே சந்தேகப்பட வேண்டும். நேற்றும் முந்தாநாளும் அதே நாடியைப் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் அந்த சந்தேகம் சட்டென்று வரும், அது பெரும்பாலும் முதல் வருட பிஜிதான்.

அதனால் கத்தி எப்போது கிடைக்கும் என்பதை விட எனக்கு வேறொரு கேள்விதான் பெரிது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நாடியைப் பார்த்துவிட்டு உங்கள் மகள் யாரைக் கூப்பிடுவாள்? பயமில்லாமல் கூப்பிட முடிகிறதா? "எழுப்பிவிட்டாயே" என்று கத்தும் சீனியர் இருக்கும் யூனிட்டில் பிள்ளைகள் கூப்பிடத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் போகும் நேரம் நோயாளியுடையது. "நல்லவேளை கூப்பிட்டாய், வருகிறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வரும் சீனியர் கிடைத்தால், கேஸ் குறைவாகக் கிடைத்தாலும் அவள் நன்றாக வருவாள்.

தூக்கத்தையும் கேளுங்கள். 2023-இல் வந்த முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளில் வாரம் ஒரு நாள் விடுமுறையும் நியாயமான வேலை நேரமும் எழுதியே இருக்கிறது. வேலைச் சுமையைப் பொறுத்து என்று அதிலேயே ஒரு இடமும் விட்டிருக்கிறார்கள், எல்லா வாரமும் கிடைத்துவிடாது. கிடைக்கிற அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள், சாப்பாடு போட்டுத் தூங்க விடுங்கள். அப்புறம் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதற்குச் சலித்துக்கொண்டால் போகச் சொல்லி நீங்களே தைரியம் சொல்லுங்கள், அங்கே வரும் கேஸ்களே தனி.

அடுத்த முறை போனில் ராத்திரி யாரைக் கூப்பிடுகிறாள் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். திட்டுவார்கள் என்று கூப்பிடாமல் இருக்கிறேன் என்று சொன்னால், துறைத் தலைவரிடம் நேராகப் போய்ப் பேசச் சொல்லுங்கள், எனக்கும் மறுபடி எழுதுங்கள். அடுத்து நெய்வேலியிலிருந்து குடலிறக்கத்துக்கு வலை வைப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அதைப் பார்ப்போம்.