மெட்டில் ஒட்டிய பொட்டு

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாக மதுரை மேலமாசி வீதிப் பக்கம் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக் கொடுக்கிறேன். மிக்ஸட் ரியாலிட்டி, அதாவது கலப்பு மெய்ம்மைக் கண்ணாடி போட்டு இசை கற்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு பொட்டுக் கதை சொல்ல வேண்டும்.

வீணையில் 24 மெட்டுகள், அதாவது கம்பிக்கு அடியில் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகள். புதிதாக வருகிற பிள்ளைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை என்றால், ஸ்வரங்களில் ரிஷபம் முதல் மெட்டு, காந்தாரம் நான்காவது, மத்திமம் ஐந்தாவது, பஞ்சமம் ஏழாவது. நடுவில் இருப்பதைத் தாண்டிப் போக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி தினமும் காந்தாரத்தில் தடுமாறுவாள். என் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து நாலு பொட்டை எடுத்து அந்தந்த மெட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஒரே வாரத்தில் சரளி வரிசை ஓடியது. அவள் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் சித்திரை வந்தது. நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததா? வேர்வைக் கை பட்டுப் பட்டு, காந்தாரப் பொட்டு மூன்றாவது மெட்டுக்கு நகர்ந்துவிட்டது. அவளும் அங்கேயே வாசித்தாள். மூன்றாவது மெட்டு ‘சாதாரண காந்தாரம்’ என்கிற வேறு ஸ்வரம், ராகமே மாறிவிடும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காதில் விழவே இல்லை. அன்றைக்கே பொட்டையெல்லாம் உரித்துவிட்டேன்.

இந்தக் கண்ணாடி காட்டுவதும் ஒரு பொட்டைத்தான். போட்டால் உங்கள் வீணை, உங்கள் விரல், பாய் எல்லாம் அப்படியே தெரியும். அடுத்துத் தொட வேண்டிய மெட்டின் மேல் மட்டும் வெளிச்சம் விழும். கேமரா விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நல்ல விஷயம். நோட்டுக்கும் மெட்டுக்கும் கண் அலைய வேண்டாம். நான் எதிரே உட்கார்ந்தால் என் கை பிள்ளைக்கு இடம் வலம் மாறித் தெரியும். இதில் ஆசிரியரின் கையை அவள் கை மேலேயே காட்டலாம்.

ஆனால் அந்த வெளிச்சம் அணைய வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், அணைய வேண்டும். முதல் வாரம் எல்லா ஸ்வரத்துக்கும் எரியட்டும். அடுத்த வாரம் தப்பினால் மட்டும். அப்புறம் வேண்டவே வேண்டாம். ஒட்டுப்பொட்டால் தானாக மறைய முடியாது, கண்ணாடியால் முடியும். செய்கிறவர்கள் அதைச் செய்துவிட்டால் என் வகுப்பில் மனதார வைத்துக்கொள்வேன். காதுதான் முக்கியம். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா பிறந்த ஊர் இது. தாயார் சண்முகவடிவின் வீணையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கமகத்தைப் பற்றி, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். கம்பியை இழுத்து வாசிக்கிற தோடி ராகக் காந்தாரத்துக்கு எந்த மெட்டில் வெளிச்சம் போடுவது? அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாடித்தான் காட்ட வேண்டும். இன்னொன்று, எடை. 2023இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 என்கிற இந்த மாதிரிக் கண்ணாடியே 515 கிராம். மெட்டைப் பார்க்கக் குனிகிற பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், பெற்றோர்களே. வணக்கம்.