மாதம் 7,700 ரூபாயும் ஐந்து கடன்களும்

அனைவருக்கும் வணக்கம்.

கடனை அடைத்துக்கொண்டே குடும்பம் நடத்துவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். சிக்கனமாக இருங்கள், டீக்கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கடனில் தவிக்கும் வீடுகளில் வீண் செலவு பெரும்பாலும் எப்போதோ நின்றுபோயிருக்கும். ஆனாலும் கடன் குறைவதில்லை. அதற்கு நான் முதலில் வைக்கும் காரணம், முடிந்ததைவிட அதிகமாகக் கட்டப் பார்ப்பதுதான். சம்பளம் வந்த கையோடு, பேச்சு வாங்கக் கூடாதே என்று எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இருபதாம் தேதி கையில் ஒன்றும் இருப்பதில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் புதிதாக ஒரு கடன் வாங்குகிறோம். அவசரத்தில் வாங்குவதால் அது பழைய கடன்களைவிட வட்டி கூடியதாகவே அமைகிறது. ஆகவே கடனுக்கு எவ்வளவு கட்டலாம் என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்குகள் இரண்டு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவர் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 38,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. வாடகை 7,000. மளிகை 7,500, பால் 1,500, காய்கறி மீன் கறி 3,000. கேஸ் 900, கரண்ட் 600, பெட்ரோல் 2,000, பள்ளி வேன் 2,000, போன் 600, மாத்திரை மருந்து 700. கூட்டினால் 25,800. இது முதல் கணக்கு. இதை எல்லாரும் போடுகிறார்கள். போட்டுவிட்டு, 12,000 ரூபாய் மிச்சம் இருக்கிறதே, அதைக் கடனுக்குக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். சறுக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது கணக்கு ஆண்டுக் கணக்கு. ஜூனில் பள்ளிக்கு 18,000. தீபாவளிக்கு 8,000, பொங்கலுக்கு 4,000. வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 5,000. திடீர் வைத்தியத்துக்கு 7,000. மொய்க்கு 12,000. மொத்தம் 54,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,500. இந்தப் பணத்தைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்கில் போட்டுவிட வேண்டும். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். இது சேமிப்பு இல்லை, தேதி தெரிந்த செலவு. இதை ஒதுக்காத வீடு ஜூனிலும் ஐப்பசியிலும் தவறாமல் கடன்காரரிடம் போய் நிற்கிறது.

மொய்யைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மொய் நமக்குக் கடன்தான். வட்டி கிடையாது, ஆனால் கேட்கும் நாள் நம் கையில் இல்லை. உங்கள் வீட்டு விசேஷத்தின் மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் செய்தவர்களில் யார் வீட்டில் இந்த ஆண்டு கல்யாணமோ காதுகுத்தோ வரும் என்று குறியுங்கள். அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியதை மட்டும் கணக்கில் சேருங்கள். மற்ற வீடுகளுக்குப் போங்கள், கூடமாட நின்று வேலை செய்யுங்கள், 101 ரூபாய் எழுதுங்கள். கடன் அடையும்வரை புதிய மொய்க் கணக்கு எதையும் தொடங்காதீர்கள். விசேஷத்துக்கே போகாமல் ஒளிவதைவிட இது நூறு மடங்கு நல்லது. சொந்தத்தை அறுத்துக்கொண்டால் நாளைக்கு அவசரத்துக்கு நிற்க ஆள் இருக்காது.

ஆக 25,800-உம் 4,500-உம் சேர்ந்து 30,300. மிச்சம் 7,700 ரூபாய். கடனுக்கு இந்த வீட்டால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான்.

இப்போது கடன்களைப் பார்ப்போம். ஐந்து இருக்கின்றன. ஐந்து வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு, வாங்கியது 50,000. மாதம் 2,500 வட்டி மட்டும் போகிறது. கிரெடிட் கார்டில் பாக்கி 40,000. குறைந்தபட்சத் தொகையாக 2,000 கட்டுகிறார்கள். மகளிர் குழுக் கடனில் மீதி 30,000, தவணை 2,400. வங்கியில் நகைக் கடன் 80,000, ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால் மாதம் 670 ரூபாய் வட்டி. மச்சானிடம் கைமாத்தாக வாங்கியது 60,000, வட்டி இல்லை.

மச்சானை விட்டுவிட்டாலும் மாதம் 7,570 ரூபாய் போகிறது. இதில் அசல் எவ்வளவு குறைகிறது? ஐந்து வட்டியில் ஒரு ரூபாய்கூட இல்லை. நகையிலும் இல்லை. கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; இரண்டும் சேர்ந்து 1,652 ரூபாயை விழுங்கிவிட, 348 ரூபாய்தான் அசலுக்குப் போகிறது. குழுக் கடனுக்கு ஆண்டு வட்டி 24 சதவீதம் என்றால் 1,800 ரூபாய் அசலில் கழிகிறது. ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கட்டியும், மொத்தக் கடன் 2,60,000-இல் குறைவது 2,148 ரூபாய். அந்த வீட்டார் சோம்பேறிகள் இல்லை, நாணயம் தவறியவர்களும் இல்லை. பணம் தவறான இடத்துக்குப் போகிறது.

இதை எப்படித் திருப்புவது? ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். அதை முதலில் வெட்ட வேண்டும். பீரோவில் அடகு வைக்காத நகை இருந்தால், அதை வங்கியில் வைத்து 50,000 எடுத்து அந்தக் கடனை முழுதாக முடியுங்கள். 2,500 ரூபாய் வட்டி 417 ரூபாயாகிவிடும். நகையை வைக்க மனம் வராது, அது பெண்ணுக்கென்று எடுத்து வைத்ததாக இருக்கும். ஆனால் ஐந்து வட்டிக்கு இருபது மாதம் கட்டினால் 50,000 ரூபாய் போய்விடும், கடனும் அப்படியே நிற்கும்.

வைக்கும்போது ஒரு நுணுக்கம். சங்கிலி, வளையல், கம்மல் எல்லாவற்றையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். தனித்தனிக் கடனாகப் போடச் சொல்லுங்கள். பத்தாயிரம் சேரும்போது ஒரு கம்மலையாவது மீட்டு வரலாம். ஒரே ரசீதாக இருந்தால், முழுத் தொகையும் சேரும்வரை பெரும்பாலும் எதையும் மீட்க முடியாது. இன்னொன்று, தங்கத்தின் விலை ஏறினால் அதே நகைக்கு இன்னும் கொஞ்சம் பணம் தருகிறோம் என்று சொல்வார்கள். வாங்காதீர்கள்.

வட்டிக்காரரிடம் முடிக்கும் நாளில் சாட்சியோடு போங்கள். புரோநோட்டையும், வெற்றுச் செக் கொடுத்திருந்தால் அதையும் கையில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள். பகுதித் தொகை கட்டினால் நோட்டின் பின்பக்கம் தேதியோடு, அசலில் வரவு என்று எழுதி வாங்குங்கள். வரவு என்று மட்டும் எழுதினால் அதை வட்டிக்கு வைத்துக்கொள்வார்கள். முடிந்த வரை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

இப்போது மிச்சமான 2,083 ரூபாய் என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது வீட்டுச் செலவில் கரைந்தால், நகையும் அடகில், கடனும் அப்படியே. அதைக் கார்டில் போடுங்கள். இரண்டு நகைக் கடன்களுக்கும் வட்டி 1,087, குழுவுக்கு 2,400 போக, 7,700-இல் கார்டுக்கு 4,200 ரூபாய் கிடைக்கும். மாதம் 2,000 கட்டிக்கொண்டிருந்தால் 40,000 ரூபாய் அடைய 44 மாதம் ஆகும். 4,200 கட்டினால் 13 மாதம். அதுவும் கார்டை இனித் தேய்க்காமல் இருந்தால் மட்டும். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். பாக்கியைத் தவணையாக மாற்றித் தருவீர்களா என்றும் வங்கியில் கேளுங்கள். வட்டி பெரும்பாலும் கணிசமாகக் குறையும்.

வட்டி கூடியதை முதலில் அடைப்பதா, மனநிம்மதிக்காகச் சின்னக் கடனை முதலில் முடிப்பதா என்று கேட்பார்கள். வட்டி இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கும் நம் ஊரில் வட்டி கூடியதுதான் முதலில். மச்சானிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: “கார்டு முடிய ஒரு வருஷம் ஆகும் மாப்பிள்ளை. அதுக்கப்புறம் மாசம் மூவாயிரம் தர்றேன்.” எழுதியும் கொடுங்கள். சொந்தக்காரர்களுக்குக் கோபம் வருவது பணம் தாமதமாவதால் மட்டும் இல்லை, போனை எடுக்காததால்.

நகையே இல்லாதவர்கள் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்திலும் சுய உதவிக் குழு தன் சேமிப்பிலிருந்து தரும் உள்கடனிலும் கேட்டுப் பாருங்கள். நிதி நிறுவனத்துக்குப் போனால் ‘ஃபிளாட்’ வட்டியில் ஏமாறாதீர்கள். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம், இரண்டு ஆண்டு, மாதம் 5,167 என்பார்கள். அசல் மாதாமாதம் குறைந்தாலும் முழு லட்சத்துக்கும் வட்டி போடுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 21.5 சதவீதத்தை எட்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் வாங்கும் புதிய தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

அன்றாடச் செலவில் பணம் எங்கே ஒழுகுகிறது? சாப்பாட்டுக்கு 12,000 ஒதுக்கியவர்கள் அதை நான்கு வாரமாகப் பிரித்து மூவாயிரமாகச் செலவு செய்கிறார்கள். நான்கு வாரம் என்பது 28 நாள்தான். மீதி மூன்று நாளைக்கு அண்ணாச்சி கடையில் பாக்கி, அடுத்த மாதம் அந்தப் பாக்கியோடு தொடங்குகிறது. 31-ஆல் வகுங்கள். வாரத்துக்கு 2,700, கடைசி மூன்று நாளுக்கு 1,200. சம்பளக் கணக்கை யூபிஐ செயலியிலிருந்து எடுத்துவிட்டு, வேறொரு கணக்கை இணைத்து, வாரப் பணத்தை மட்டும் அதில் மாற்றுங்கள். தவணை பிடிக்கும் கணக்கில் ஒரு நாள் முன்னதாகவே பணம் நிற்கட்டும். தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் ஒன்று போடுவார்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25 ரூபாய். தவறவிடாமல் வாங்கினால் கடை விலைக்கு மாதம் சுமார் இருநூறு ரூபாய் மிஞ்சும். கரண்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் மாறுவதால், ஒரே யூனிட் கூடினாலும் பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். மாதத்தின் நடுவில் மீட்டரை ஒருமுறை பாருங்கள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வந்தால் அது நேரே ஆண்டுக் கணக்குக்குப் போகட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையில் மட்டும் கைவைக்காதீர்கள். விட்ட மாத்திரை ஆஸ்பத்திரிச் செலவாகத் திரும்பி வரும்.

ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். தவணைக் காலத்தை நீட்டக் கேளுங்கள். செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பாதீர்கள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு இல்லை. வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. நுண்கடனுக்கு (மைக்ரோ பைனான்ஸ்) காலை 9 முதல் மாலை 6 வரைதான். மீறினால் தேதி, நேரம், பேசியது எல்லாவற்றையும் குறித்து முதலில் நிறுவனத்துக்கே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் வற்புறுத்துவதைத் தடுக்க 2025-லும் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மனம் தாங்காத இரவு வந்தால் உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ அழையுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். மனைவிக்குத் தெரியாத கடன், கணவனுக்குத் தெரியாத குழுத் தவணை, இவை இருக்கும் வீட்டில் நான் சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது.

கடைசியாக, ஒரு கடன் முடிந்ததும் செய்ய வேண்டியது. கடன் முடிந்ததற்கான சான்றை எழுத்தில் வாங்குங்கள். தானாகத் தவணை பிடிக்கும் உத்தரவை வங்கியில் ரத்து செய்யுங்கள். குறைத்துக் கட்டிச் சமரசம் செய்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘முடிந்தது’ என்று வராது, ‘செட்டில்டு’ என்றே பதியும். அடுத்த கடன் கேட்கும்போது அது இடிக்கும். முழுதாகக் கட்டியிருந்தால் ஒன்றரை மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். தவறாக இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.