முதன்முறை இனச்சேர்க்கைக்கு விடும் இளம் ஆண் முயல்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். இதுவரை பெண் முயலோடு ஒருமுறைகூடச் சேராத இளம் ஆண் முயலை எப்படிப் பழக்குவது என்பதைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன். முதல் இரண்டு மூன்று முறை சரியாகச் சேரவில்லை என்பதற்காகவே, நல்ல வளர்த்தியுள்ள ஆண் முயல்களை 'இது உதவாது' என்று கறிக்கு விற்றுவிடுவதைப் பல பண்ணைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

நானும் அந்தத் தவற்றைச் செய்ய இருந்தவன்தான். முயல் வளர்க்கத் தொடங்கிய புதிதில், எங்கள் கொட்டகையிலேயே பிறந்த ஆறு மாத ஆண் முயலைத் தூக்கி, அதே வயதுள்ள பெண் முயலின் கூண்டுக்குள் விட்டேன். பெண் முயல் உறுமிக்கொண்டு பாய்ந்து, அதன் தோள்பட்டையில் ஒரு கொத்து முடியைப் பிடுங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு வாரங்கள், எந்தப் பெண் முயலைக் காட்டினாலும் அந்த ஆண் முயல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. குறை ஆண் முயலிடம் இல்லை, நான் விட்ட முறையில் இருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பெண் முயல் தன் கூண்டைத் தன் எல்லையாகக் கருதிக் காக்கும் இயல்புடையது. ஆண் முயலோ புதிய கூண்டுக்குள் போனால், வந்த வேலையை மறந்து மூலைமூலையாக மோந்து பார்ப்பதிலும், தாடையை உரசித் தன் வாடையைப் பதிப்பதிலும் நேரத்தைக் கழித்துவிடும். எனவே எப்போதும் பெண் முயலைத்தான் ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று காலையில் அந்தக் கூண்டைக் கழுவாமல் விடுவதும் நல்லது. தன் வாடை இருக்கும் இடத்தில் ஆண் முயலுக்குத் துணிவு இருக்கும். தண்ணீர்க் கிண்ணம், தீவனத் தட்டு ஆகியவற்றை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, எந்தப் பெண் முயலை விடுவது என்பது. இரண்டும் புதியவையாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு மூன்று ஈற்று கண்ட, கையில் எடுத்தால் திமிறாத, சாதுவான பெண் முயலே இளம் ஆண் முயலுக்கு ஏற்ற துணை. அதன் பிறப்புறுப்பைப் பார்த்த பிறகே விட வேண்டும். வெளிறியிருந்தால் அது ஆணை ஏற்காது. சற்றே தடித்து, ஈரத்துடன் நல்ல சிவப்பாக இருந்தால் ஏற்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள்.

காலை வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலையிலோ விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். பழக்கமில்லாத ஆண் முயல் பக்கவாட்டில் ஏறும். சில வேளை தலைப்பக்கமாகவும் ஏறும். தலைப்பக்கம் ஏறும்போது பெண் முயல் அதன் உறுப்பைக் கடித்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அதை அதட்டாமல், மெதுவாக எடுத்துப் பின்பக்கம் வைக்க வேண்டும். சேர்க்கை நடந்தால் ஆண் முயல் ஒரு சிறு ஒலி எழுப்பியபடி பக்கவாட்டில் சாய்ந்து விழும். முதன்முதலில் பார்ப்பவர்கள் முயலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள். சேர்க்கை முடிந்ததற்கு அதுதான் அடையாளம். பத்து நிமிடங்களாகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பெண் முயலை எடுத்துவிட்டு மறுநாள் முயலுங்கள். இரவு முழுவதும் ஒன்றாக விட்டுவைப்பது சண்டைக்கும் காயத்துக்கும் வழி செய்யும். எந்த நாளில் சேர்ந்தது என்ற கணக்கும் இல்லாமல் போகும்.

முயலுக்கு மாடு, ஆடு போலக் குறிப்பிட்ட நாளில் தானாகக் கருமுட்டை வெளிவருவதில்லை. சேர்க்கையின் தூண்டுதலால், அது நடந்து சுமார் பத்து மணி நேரத்துக்குப் பிறகே வெளிவருகிறது. அதனால் காலையில் சேர்த்த பெண் முயலை அன்று மாலை அதே ஆணிடம் இன்னொரு முறை விடுவது சினை பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். அதன் பின் இளம் ஆணுக்கு மூன்று நான்கு நாள் ஓய்வு கொடுங்கள்.

வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களில் ஆண் முயல் ஐந்தாம் மாதத்திலேயே ஏறிப் பார்க்கும். ஆனாலும் ஆறு, ஏழு மாதம் ஆகட்டும். இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா, பின்னங்கால் பாதத்தில் புண் இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்தில் புண் உள்ள முயல் வலியால் ஏறாது. அதைச் சோம்பல் என்று நாம் நினைத்துவிடுவோம்.

சமவெளியில் இருப்பவர்கள் கோடையை மறக்கக் கூடாது. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தைப் போன்ற குளிர்ந்த இடத்தில் வளரும் முயலுக்கும், திண்டுக்கல் வெயிலில் வளரும் முயலுக்கும் நிலைமை ஒன்றல்ல. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் விந்தின் தரம் குறையும். புதிய விந்தணுக்கள் உருவாகிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். சித்திரை, வைகாசி மாதங்களில் சேர்ந்தும் சினை பிடிக்கவில்லை என்றால், ஆடிக்குப் பின் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். ஈன்று பழகிய மூன்று பெண் முயல்களோடு நல்ல பருவத்தில் சேர்த்தும் 12 முதல் 14 நாளில் வயிற்றைத் தடவிப் பார்க்கும்போது எதிலும் கரு தட்டுப்படவில்லை என்றால்தான் அந்த ஆணைக் கழிக்கலாம்.

என் கொட்டகையில் மூலையில் ஒடுங்கிய அந்த ஆண் முயலை, ஒரு மாதம் கழித்து, நான்கு முறை ஈன்ற வயதான பெண் முயலோடு விட்டேன். மூன்றாம் நாள் மாலையில் சேர்ந்தது. அதிலிருந்து 31ஆம் நாள் விடியற்காலையில், பெட்டிக்குள் தாய் பிடுங்கிப் பரப்பியிருந்த முடிக்கு அடியில் ஆறு குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன.

வணக்கம்.