வடிந்தது எந்த ஆயில்?

வணக்கம் நேயர்களே. சொந்தக் காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களோடுதான் இன்று பேச்சு. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது மேலே தெரிவது எல்லாம் ஒரே கருப்பு இரும்பு. அதில் இரண்டு மூன்று டிரெயின் போல்ட்டுகள், அதாவது ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டுகள், இருக்கும். எது எதற்கு என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

பல வருடங்களுக்கு முன் எனக்கு நடந்தது இது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கையில் அகப்பட்ட போல்ட்டைக் கழற்றினேன். தட்டில் ஆயில் விழுந்தது. நல்ல சிவப்பு, மாதுளைச் சாறு மாதிரி. ஓடிய என்ஜினின் ஆயில் கருத்துப் போயிருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அது உறைக்கவில்லை. அப்புறம் என்ஜினின் ஆயில் ஃபில்டரைத் திருகினேன். அதிலிருந்து கருப்பு ஆயில் கொட்டி, தட்டில் கிடந்த சிவப்புக்குள் ஒரு கோடாக இறங்கியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புது ஃபில்டரை மாட்டி, போல்ட்டை முடுக்கி, மேலே போய் 4 லிட்டர் புது ஆயிலை ஊற்றிவிட்டேன்.

நல்லவேளை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை, என்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, உருவினேன். மேல் கோட்டைத் தாண்டி எங்கோ நின்றது ஆயில். என்ஜினில் பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டு பங்கு; கியர்பாக்ஸ் காலி. அப்படியே ஓட்டியிருந்தால், என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கியிருக்கும். நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. கியர்பாக்ஸின் கதி சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வடித்த பிறகு, ஊற்றுவதற்கு முன், டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். துடைத்துவிட்டு இன்னொரு முறை விட்டு எடுங்கள். ஆயில் இன்னும் கோட்டிலேயே நின்றால் நீங்கள் வடித்தது வேறு எதையோ. புது ஆயில் டப்பாவின் மூடியில் கை வைக்க வேண்டாம்.

தட்டில் விழுந்ததை விரலில் தொட்டும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பழசானால் பழுப்பாகும், அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மேனுவல் கியர் ஆயிலில் பல வகைகளுக்குக் கந்தக நெடி உண்டு, மூக்கே சொல்லிவிடும். வடித்ததை அளந்தும் பாருங்கள். கையேட்டில் 4 லிட்டர் என்று இருந்து தட்டில் 2 லிட்டர்தான் இருந்தால் நின்று யோசியுங்கள்.

போல்ட்டை எப்படி அடையாளம் காண்பது? முன்சக்கர இழுவை வண்டியில், சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் எந்தப் பெட்டியிலிருந்து வெளிவருகின்றனவோ அது கியர்பாக்ஸ். அங்கே கை போக வேண்டாம். சரியான போல்ட்டைக் கண்டுபிடித்ததும் பக்கத்தில் ஒரு பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். கியர் ஆயிலையே மாற்றுவதானால், ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு வடியுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் காலிப் பெட்டியோடு நிற்க வேண்டி வரும்.

நேரம் நெருங்கிவிட்டது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள்; இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், அது விஷம். பிரேக் ஆயில் டப்பாவில் என்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். நன்றி, வணக்கம்.