அபராதம் கற்றுத் தராத பழக்கங்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், தை மாதக் குளிரையும் பார்க்காமல் சுவோனுக்கு வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் பொங்கல் வணக்கம். டேஜியோனிலிருந்தும் போஹாங்கிலிருந்தும் காலை ரயிலைப் பிடித்து வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

'கொரியாவில் வாழும் வெளிநாட்டவரின் பழக்கங்களை மாற்றுவது ஊர்க் கட்டுப்பாடா, உள்ளத்து ஈடுபாடா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி அக்கா, கட்டுப்பாடுதான் என்று சாதித்து மூன்று சாட்சிகளை நிறுத்தினார். குப்பைப் பை, அலுவலக விருந்து, வணக்கம் வைக்கும் முறை. "மாறாவிட்டால் இங்கே பிழைக்க முடியாது, அதனால் மாறுகிறோம், அதற்கு அன்பு என்று பெயர் சூட்ட வேண்டாம்" என்றார். அருமையாகப் பேசினார், நானும் கைதட்டினேன். ஆனால் அக்கா சொன்னது பாதிக் கதை. மீதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் குப்பை. 1995 முதல் இந்த நாட்டில் குப்பை போடுவதற்குக் காசு கொடுத்துப் பை வாங்க வேண்டும். உணவுக் கழிவு தனி. பல அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால் மூடி திறந்து, எடை பார்த்து, கட்டணத்தைக் கணக்கில் ஏற்றும் தொட்டியே இருக்கிறது. 2020 டிசம்பரிலிருந்து தண்ணீர் பாட்டிலைச் சுற்றியிருக்கும் தாளை உரித்துவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். மீறினால் அபராதம். இதெல்லாம் கட்டுப்பாடு, ஒப்புக்கொள்கிறேன். சரி, விடுமுறைக்கு மதுரைக்குப் போகிறோம். பேருந்து நிலையத்தில் பாட்டில் காலியானதும் விரல் தானாகத் தாளை உரிக்கிறது. கண் எந்தத் தொட்டியில் போடலாம் என்று தேடுகிறது. அங்கே யார் அபராதம் போடப் போகிறார்கள்?

"அது பழகிப்போன கை, அதில் ஈடுபாடு எங்கிருந்து வந்தது?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. அப்படியானால் கட்டாயத்தால் பழகிய எல்லாமே நம்மிடம் ஒட்டியிருக்க வேண்டும் அல்லவா? ஒட்டவில்லையே! அதற்கு அக்காவின் இரண்டாவது சாட்சியையே நான் கூப்பிடுகிறேன்.

வேலை முடிந்து குழுவாகப் போகும் விருந்துக்கு இங்கே ஹ்வேஷிக் என்று பெயர். மேலதிகாரி ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். ஒரு கடை முடிந்தால் இன்னொரு கடை, அதற்கப்புறம் பாட்டுக் கூடம். குடிப்பழக்கம் இல்லாத நம் தம்பிமார்கள் அதில் பட்ட அவஸ்தை எனக்குத் தெரியும். கொரிய இளைஞர்களுக்கே அது பிடிப்பதில்லை. 2019 ஜூலையில் பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகு வற்புறுத்திக் குடிக்க வைப்பது குறைந்து வருகிறது. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி வேறு நிறுவனத்துக்கு மாறிய அன்றே அந்த விருந்துகளுக்குத் தலைமுழுகினார். ஆனால் அதே மேசையில் அவர் கற்ற வேறொன்று போகவில்லை. தனக்குத்தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவரின் கோப்பை காலியா என்று பார்த்து, இரண்டு கையாலும் பிடித்து ஊற்ற வேண்டும். இன்றும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அவர் செம்பை எடுத்து முதலில் என் மாமனாருக்குத்தான் தண்ணீர் ஊற்றுகிறார். ஒரே மேசை, ஒரே ஆள். கட்டாயப்படுத்திய பழக்கம் கழன்று போயிற்று, மனதுக்குப் பிடித்தது தங்கிவிட்டது.

மூன்றாவது, வணக்கம். "குனியாவிட்டால் மரியாதை தெரியாதவர் என்பார்கள், அதற்குப் பயந்துதான் குனிகிறோம்" என்றார் அக்கா. இந்த அரங்கில் எத்தனை பேர் கைபேசியில் பேசும்போதே, எதிர்முனையில் இருப்பவர் பார்க்க முடியாது என்று தெரிந்தும், நன்றி சொல்லித் தலையைத் தாழ்த்துகிறீர்கள்? சிரிப்பு வருகிறது பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. யாருக்கும் தெரியாத இடத்தில் வரும் மரியாதையைப் பயம் என்று எப்படிச் சொல்வது?

ஐயா, கட்டாயத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது. 1627-இல் யான் வெல்டெவ்ரே என்ற டச்சு மாலுமி கொரியக் கரையில் பிடிபட்டார். வந்த வெளிநாட்டவரைத் திரும்ப விடுவதில்லை என்பது அன்றைய அரசின் விதி. அவர் பாக் யோன் என்று பெயர் பெற்றார், படையில் ஆயுதப் பயிற்சியில் வேலை பார்த்தார், இங்கேயே மணமுடித்துப் பிள்ளைகளும் பெற்றார். 26 ஆண்டுகள் கழித்து, 1653-இல், இன்னொரு டச்சுக் கப்பல் ஜேஜு தீவில் உடைந்தது. 64 பேரில் 36 பேர் கரையேறினார்கள். மொழிபெயர்க்க பாக் யோனை அனுப்பினார்கள். சொந்த மொழியே அவருக்குச் சரளமாக வரவில்லை என்று கப்பலில் வந்த ஹென்ட்ரிக் ஹாமெல் எழுதி வைத்திருக்கிறார். தாய்மொழி மறந்தது எனக்கு வலிக்கிறது, அதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். என் வாதம் வேறு. அந்த 36 பேருக்கும் அதே விதி. இவர்களையும் அரசர் ஹ்யோஜோங் படையில்தான் சேர்த்தார். ஆனால் ஹாமெலையும் சேர்த்து எட்டுப் பேர் 13 ஆண்டுகள் கழித்து, 1666-இல், ஒரு படகில் ஏறி நாகசாகிக்குத் தப்பினார்கள். கட்டுப்பாடுதான் மனிதனை மாற்றும் என்றால் ஹாமெலும் ஒரு பாக் யோன் ஆகியிருக்க வேண்டாமா? ஒரே பூட்டுக்குள் இருந்தவர்களில் ஒருவர் ஊர்க்காரராகவே ஆனார், இன்னொருவர் கடல் பார்த்தபடியே இருந்தார். பாக் யோனைப் பிடித்து வைத்தது அரசு. கொரியராக்கியது அவர் வீட்டு மனிதர்கள்.

அந்த வீட்டு மனிதர்களைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாயை நவம்பர் கடைசி வாக்கில் எல்லோரும் கூடிப் போட்டுவைக்கும் வழக்கம் கிம்ஜாங். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நம் ஊரில் மொட்டை மாடியில் வடகம் பிழியும் நாள் போலத்தான். சித்தி, பெரியம்மா, பக்கத்து வீடு என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டுக்கார ஹல்மோனி, அதாவது பாட்டி, வந்து சில மாதங்களே ஆன என்னையும் அழைத்தார். முந்தின நாளே சீன முட்டைக்கோஸை இரண்டாகப் பிளந்து உப்பில் ஊறவைத்து, அலசி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வடியவிட்டிருந்தார். எல்லோர் கையிலும் முழங்கை வரை இளஞ்சிவப்பு ரப்பர் உறை. மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கிச் சீவல், அரிசி மாவுக் கஞ்சி, அதோடு உப்பிட்ட இறாலும் மீன் சாறும். நான் சைவம் என்பதை அரைகுறைக் கொரிய மொழியில் சொன்னேன். ஹல்மோனி கொஞ்சம் யோசித்தார். அப்புறம் எழுந்துபோய் ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்து வந்து, இறால் கலப்பதற்கு முன்பே ஒரு பங்கை அதில் ஒதுக்கி, சோயா சாஸ் விட்டுப் பிசைந்து என் பக்கம் தள்ளினார். புத்த கோயில்களில் இறாலும் மீனும் இல்லாமல்தான் கிம்ச்சி போடுவார்கள் என்று அவர் மருமகள் விளக்கினார். ஒவ்வோர் இலையாகத் தூக்கி, தண்டுப் பக்கம் தாராளமாகவும் நுனியில் லேசாகவும் தடவ வேண்டும். கடைசி வெளி இலையால் மொத்தத்தையும் சுற்றி இறுக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும். என் கையைத் தன் கைக்குள் வைத்து ஹல்மோனி சொல்லிக் கொடுத்தார்.

நாங்கள் அந்த வீட்டைவிட்டு வந்துவிட்டோம். கடைக்குப் போனால் கிம்ச்சி விதவிதமாகக் கிடைக்கிறது. ஆனாலும் நவம்பர் வந்தால் எங்கள் வீட்டுக் குளியலறையில் முட்டைக்கோஸ் ஊறுகிறது. ஹல்மோனிக்கு ஒரு பெட்டி போகிறது, இறால் சேர்த்தது. இதை நான் எந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து செய்கிறேன் என்று அக்கா சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் மனசாட்சி உறுத்தும். ஆன்சான் தொழிற்சாலைகளில் வேலை அனுமதித் திட்டத்தில் வந்து உழைக்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அந்தத் திட்டம் 2004-இல் தொடங்கியது, இலங்கையிலிருந்தும் அதில் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். நினைத்தபடி முதலாளியை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. அவர்கள் மேல் விழும் கட்டாயம் உண்மையான கட்டாயம், மாற்றப்பட வேண்டிய கட்டாயம். எதிரணி அதை எடுத்துப் பேசினால் நான் மறுக்க மாட்டேன், கூடவே நிற்பேன். ஆனால் அதைப் பழக்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள். நேரம் தாண்டி வேலை வாங்கியவரின் பழக்கம் எதையும் அவர்கள் ஊருக்கு எடுத்துப்போவதில்லை. விடுதிப் பக்கம் சோளம் அவித்துக் கொடுத்த பாட்டியின் பழக்கத்தைத்தான் எடுத்துப்போகிறார்கள்.

எந்தக் கட்டாயமும் இல்லாத ஒருவரையும் பாருங்கள். 1945-இல் அமெரிக்கக் கடற்படையோடு வந்தவர் கார்ல் ஃபெரிஸ் மில்லர். விரும்பியபோது ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ தேஆன் கடற்கரையில் நிலம் வாங்கி மரங்களாக நட்டார், 1979-இல் கொரியக் குடிமகன் ஆனார், மின் பியோங்கல் என்று பெயர் வைத்துக்கொண்டு 2002-இல் இங்கேயே காலமானார். அவரை மாற்றியது எந்தச் சட்டப் பிரிவு?

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன் ஐயா. எதிரணியில் அடுத்துப் பேசப் போகும் அண்ணனிடம் சில கேள்விகள். சப்வேயில் கூட்டம் பிதுங்கும்போதும் முதியோர் இருக்கையைக் காலியாக விட்டு நிற்கிறீர்களே, அதில் உட்கார்ந்தால் அபராதமா? மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலகக் கழிவறையில் பல் துலக்குகிறீர்களே, யார் சுற்றறிக்கை அனுப்பினார்கள்? போன மாதம் குவாங்யோ மலை உச்சியில் முன்பின் தெரியாத ஒரு தாத்தாவுக்கு வெள்ளரிக்காய் நறுக்கி நீட்டினீர்கள், அதுவும் இரண்டு கையால். நானும் அங்கே இருந்தேன். அதற்கு மட்டுமாவது பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள் அண்ணா. நன்றி, வணக்கம்.